கறுப்புக் காய்களோடு மூன்று பேர்

(ஏலாக்குறிச்சியில் ஊர்மக்களும் பள்ளிப் பிள்ளைகளும் கூடியிருந்த மாலைக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



சதுரங்கம் பற்றிப் பேச வேண்டும் என்று கேட்டார்கள். குகேஷ் உலக சாம்பியன் ஆன கதையைச் சொல்லப்போகிறேன் என்று நினைத்து வந்திருப்பீர்கள். அந்தக் கதையைத் தொலைக்காட்சியில் போதும் போதும் என்கிற அளவுக்குப் பார்த்துவிட்டீர்கள். நான் ஒரே ஒரு ஆட்டத்தை எடுத்துக்கொள்கிறேன். 2024 டிசம்பர் 12, சிங்கப்பூர் செந்தோசாத் தீவில் குகேஷும் சீனாவின் டிங் லிரெனும் ஆடிய 14ஆவது ஆட்டம். அதிலும் அதன் ஓப்பனிங்கைப் பற்றித்தான் பேசப் போகிறேன். அதற்கு முன்னால் கல்கத்தா வரைக்கும் ஒருமுறை போய்வர வேண்டியிருக்கிறது. பொறுமையாக இருங்கள்.

காய்களின் பெயரில் முதலில் ஓர் உடன்பாடு செய்துகொள்வோம். ஊருக்கு ஊர் வேறு வேறு பெயர் வைத்திருக்கிறோம். நான் ராஜா, ராணி, யானை, மந்திரி, குதிரை, சிப்பாய் என்று சொல்வேன். யானை மூலையில் நிற்பது, நேராகப் போவது. மந்திரி குறுக்காகப் போவது. சண்டைக்கு வராதீர்கள்.

ஓப்பனிங் என்பது ஆட்டத்தின் முதல் பத்துப் பதினைந்து நகர்த்தல்கள். யார் யாரோ ஆடி, அடிபட்டு, எழுதிவைத்து, பெயரும் வைத்திருக்கிறார்கள். இங்கே பிள்ளைகள் முதலில் கற்றுக்கொள்வது பெரும்பாலும் இத்தாலியன்தான். ராஜாவின் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளு, குதிரையை எடு, மந்திரியை சி4-இல் வை. இத்தாலியின் தெற்கே கலாப்ரியாவிலிருந்து வந்த கிரேக்கோ என்பவர் 1620 வாக்கிலேயே இதைக் கையெழுத்துப் பிரதிகளில் எழுதிவைத்துவிட்டார். இந்த ஊருக்கு வந்து, அடைக்கல மாதாவுக்குக் கோயில் எழுப்பி, ஊரைத் திருக்காவலூர் என்று பாடிய வீரமாமுனிவர் அதே இத்தாலியின் வடக்கே 1680-இல் பிறந்தவர். முனிவரைச் சதுரங்கத்தோடு முடிச்சுப்போட நான் வரவில்லை. அகராதியும் காவியமும் இலக்கணமும் எழுதிக்கொண்டு, பரமார்த்த குருவை வைத்து நம்மைச் சிரிக்கவும் வைத்த மனிதருக்குக் காய் நகர்த்த நேரம் ஏது? அவர் பிறப்பதற்கு முன்பே எழுதப்பட்ட ஓர் ஓப்பனிங் இன்றும் உயிரோடு இருக்கிறது என்பதுதான் நான் சொல்ல வந்தது. சிங்கப்பூரில் இரண்டாவது ஆட்டத்தில் டிங் குகேஷுக்கு எதிராக ஆடியது இத்தாலியன்தான். 23 நகர்த்தலில் டிரா.

பள்ளிகளுக்கிடையிலான போட்டி ஒன்றில் ஒரு பையனைப் பார்த்தேன். ஆறாவதோ ஏழாவதோ படிப்பான். "நீ என்னப்பா ஆடுவே?" என்றேன். "லண்டன் சிஸ்டம் சார்." "எதிர்ல இருக்கறவன் வேற மாதிரி ஆடுனா?" "அப்பவும் லண்டன்தான் சார்." "தோத்துட்டா?" கொஞ்சம் யோசித்தான். "அடுத்த ரவுண்டுலயும் லண்டன்தான் சார்." அவனுடைய உறுதி எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் அவன் அப்பா வெளியே வராந்தாவில் நின்றுகொண்டு, "சார், எந்த ஓப்பனிங் படிச்சா ஜெயிக்கலாம்?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்குத்தான் இன்று பதில் சொல்ல முயல்கிறேன். மூன்று பேரைச் சாட்சிக்கு அழைக்கிறேன். மூவரும் கறுப்புக் காய்களோடு ஆடியவர்கள்.

முதல் சாட்சி மகேஷ்சந்திர பானர்ஜி. 1840களின் கடைசி. கல்கத்தா செஸ் கிளப்பில் ஜான் காக்ரேன் என்ற ஸ்காட்லாந்து வழக்கறிஞர்தான் பெரிய ஆட்டக்காரர். இந்தியாவுக்கு வருமுன் இங்கிலாந்திலேயே பேர் வாங்கியவர். கிளப் உறுப்பினர் ஒருவர் வங்காளத்தின் உள்நாட்டுப் பகுதிக்குப் போனபோது, யாரிடமும் தோற்காத அந்தணர் ஒருவர் இருப்பதாகக் கேள்விப்பட்டுத் தேடிப்போய் ஆடினார், தோற்றார். பிறகு அவரைக் கல்கத்தாவுக்கு அழைத்துவந்து காக்ரேனுக்கு எதிரே உட்காரவைத்தார்கள். இந்தச் செய்தி 1850-இல் லண்டன் சதுரங்கப் பத்திரிகையில் அச்சாகியிருக்கிறது. அதன்பின் இருவரும் ஆடிய ஆட்டங்கள் ஏராளம். காக்ரேன்தான் கூடுதலாக ஜெயித்தார், அதை மறைக்க வேண்டியதில்லை. நமக்கு வேண்டியது பானர்ஜி ஆடிய விதம்.

அன்றைக்கு ஐரோப்பாவில் ஆட்டம் என்றால் இரண்டு ராஜாச் சிப்பாய்களும் நடுவில் முட்டிக்கொண்டு நிற்கும். பானர்ஜி அப்படி முட்டவில்லை. சிப்பாயை ஜி6-க்கு ஒரே ஒரு கட்டம் நகர்த்துவார். மந்திரியை ஜி7-இல் ஒதுக்கிவைப்பார். நடுப்பலகையை எதிராளிக்கு விட்டுக்கொடுத்துவிட்டு ஓரத்திலிருந்து குறிபார்ப்பார். காரணம் லேசானது. நம் நாட்டு ஆட்டத்தில் சிப்பாய் முதல் அடியில் இரண்டு கட்டம் பாயும் வழக்கம் பொதுவாகக் கிடையாது. ஆட்டத்துக்குச் சூடேற்ற ஐரோப்பியர்கள் சேர்த்துக்கொண்ட விதி அது. ஒவ்வொரு கட்டமாகச் சிப்பாயை நகர்த்தியே பழகிய கைக்கு அவசரம் வராது. திண்ணையில் வெற்றிலைப் பெட்டியோடு ஆடிய நம் தாத்தாமார்களின் ஆட்டம் இந்த வேகத்தில்தான் நடந்தது. பஞ்சாபிலிருந்து போய் 1929, 1932, 1933 ஆகிய மூன்று ஆண்டுகளில் பிரிட்டன் சாம்பியனாகி, இடையில் ஹேஸ்டிங்ஸில் முன்னாள் உலக சாம்பியன் காபாபிளாங்காவையே வீழ்த்திய சுல்தான் கானும் நாட்டு விதிகளில் வளர்ந்தவர்தான்.

1855 மே மாதம். காக்ரேன் வெள்ளை. பானர்ஜி குதிரையை எடுத்தார், ஜி6 ஆடினார், மூன்றாவது நகர்த்தலில் சிப்பாயை டி5-இல் கொண்டுபோய் நிறுத்தினார். நடு வயலை அவனே உழுது நட்டுக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டு, வரப்பில் நின்றபடி பக்கவாட்டில் மடையை வெட்டிவிடுகிற வேலை இது. இந்த முறையில் ஆடப்பட்டதாகப் பதிவாகியிருக்கும் முதல் ஆட்டம் இதுதான் என்று சதுரங்க வரலாறு எழுதுகிறவர்கள் சொல்கிறார்கள். 67 ஆண்டு கழித்து, 1922-இல் வியன்னாக்காரர் எர்ன்ஸ்ட் க்ருன்ஃபெல்ட் இதே முறையில் ஆடி, பின்னாளில் உலக சாம்பியனான அலெகைனை வென்றார். ஓப்பனிங்குக்கு க்ருன்ஃபெல்ட் டிஃபென்ஸ் என்று பெயர் நிலைத்துவிட்டது. கறுப்பு முதலில் குதிரையை எஃப்6-க்கு எடுக்கும் குடும்பத்துக்கு மொத்தமாக இந்தியன் டிஃபென்ஸ் என்று ஒரு பெயர் இருக்கிறது. பானர்ஜிக்குக் கிடைத்த பங்கு அவ்வளவுதான். பெயரை மாற்றக் கோரி நாம் யாரும் தீர்மானம் போட வேண்டாம். க்ருன்ஃபெல்ட் அதை வாழ்நாளெல்லாம் ஆராய்ந்தவர்.

சரி, அந்த 1855 ஆட்டம் என்ன ஆயிற்று? ஓப்பனிங்கில் பானர்ஜிக்கு ஒரு குறையும் இல்லை. இன்றைக்குக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தாலும் முகம் சுளிக்காத ஆட்டம். 17ஆவது நகர்த்தலில் அவர் ஒரு மந்திரியை வெட்டினார். காக்ரேன் பதிலுக்கு வெட்டாமல் குதிரையை எஃப்7-இல் பாய்ச்சினார். ராஜாவின் வாசற்படி அது. பானர்ஜி தன் குதிரையைப் பலகையின் ஓரத்துக்கு எடுத்துப்போய் வெள்ளை ராணியைத் துரத்தினார். ராணிக்கு ஆபத்து என்றால் யாரும் பதறுவார்கள். காக்ரேன் பதறவில்லை. குதிரையை எச்6-க்கு எடுத்தார்; குதிரையும் ராணியும் சேர்ந்து இரட்டைச் செக். கறுப்பு ராஜா மூலைக்கு ஓடியது. வெள்ளை ராணி நேராக அதன் பக்கத்துக் கட்டத்தில் போய் உட்கார்ந்தது. யானையால் அதை வெட்டியே ஆக வேண்டும். வெட்டிய யானை தன் ராஜா வெளியே வரும் வழியைத் தானே அடைத்துக்கொண்டது. குதிரை மறுபடி எஃப்7-க்கு வந்தால் மேட். வெள்ளை மூன்று நகர்த்தலில் மேட் செய்கிறது என்று குறிப்பு முடிகிறது. உலகத்துக்கு ஓர் ஓப்பனிங்கைக் கொடுத்த ஆட்டத்தில், கொடுத்தவர் தோற்றுப்போனார்.

இரண்டாவது சாட்சி நம் பக்கத்துக்காரர், மயிலாடுதுறையில் பிறந்த விஸ்வநாதன் ஆனந்த். அவர் சிறுவனாக ஆடிப் பழகிய சென்னை மிகைல் தால் செஸ் கிளப்பைச் சோவியத் கலாசார மையத்தில் தொடங்கியவர் மானுவல் ஆரோன். இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டர். ஆரோனைப் பற்றி ஒன்று சொல்லிவிட்டுப் போகிறேன். 1962-இல் ஸ்டாக்ஹோமில் உலகச் சுற்றுக்கான தகுதிப் போட்டியில் அவர் கடைசி இடம். ஆனால் அதே போட்டியில் போர்டிஷ், உல்மன் என்ற இரண்டு பெரிய தலைகளை உருட்டினார். கடைசி இடத்தில் வந்தவரின் ஆட்டத்தையும் எடுத்துவைத்துப் படிக்கலாம்.

2010 ஏப்ரல். ஆனந்த் சாம்பியன் பட்டத்தைக் காத்துக்கொள்ள பல்கேரியாவின் சோஃபியாவுக்குப் போக வேண்டும். எதிராளி அந்த நாட்டுக்காரர் டோபலோவ். ஐஸ்லாந்தில் எரிமலை வெடித்து, சாம்பல் ஐரோப்பிய வானத்தை மூடி, விமானங்கள் நின்றுவிட்டன. ஃப்ராங்க்ஃபர்ட்டிலிருந்து சாலை வழியே சுமார் 40 மணி நேரம் பயணம் செய்து போய்ச் சேர்ந்தார். ஆட்டம் ஒரு நாள் தள்ளிப்போனது. ஏப்ரல் 24, முதல் ஆட்டம், ஆனந்த் கறுப்பு. அவர் எடுத்தது க்ருன்ஃபெல்ட். வீட்டில் அக்கு வேறு ஆணி வேறாகப் பிரித்துத் தயாரித்துக்கொண்டு போன ஓப்பனிங். 23ஆவது நகர்த்தலில் ராஜாவை எஃப்7-க்கு நகர்த்தினார். டோபலோவ் குதிரையைப் பலிகொடுத்து உள்ளே புகுந்தார். 30 நகர்த்தலில் ஆட்டம் முடிந்தது. தயாரிப்பில் ஓட்டையில்லை, பலகைக்கு முன் உட்கார்ந்தபோது நினைவு தடம்மாறிவிட்டது.

அதே போட்டியின் கடைசி ஆட்டத்துக்கு வாருங்கள். 11 ஆட்டம் முடிந்து ஆளுக்கு ஐந்தரைப் புள்ளி. மறுபடி ஆனந்த் கறுப்பு. இந்த முறை க்ருன்ஃபெல்ட் இல்லை. 1894 முதல் 1921 வரை 27 ஆண்டு சாம்பியனாக இருந்த லாஸ்கரின் பெயரில் வழங்கும் பழைய தற்காப்பு. குதிரையை இ4-இல் குதிக்கவைத்து, காய்களை மாற்றிக்கொண்டு, எதிராளிக்கு வேலையில்லாமல் செய்கிற ஓப்பனிங். பார்க்கிறவர்களுக்குக் கொட்டாவி வரும். டோபலோவுக்கோ ஆட்டம் டிராவாகி வேக ஆட்டத்துக்குப் போவதில் விருப்பமில்லை. அதில் ஆனந்தின் கை ஓங்கும் என்பது ஊரறிந்த விஷயம். சும்மா இருக்க முடியாமல் சிப்பாய்களை வெட்டித் தன் ராஜாவின் பக்கம் நீண்ட மூலைவிட்டத்தைத் தானே திறந்துவிட்டார். அந்தப் பாதையில் ஆனந்தின் ராணியும் மந்திரியும் இறங்கின. 56 நகர்த்தல். பட்டம் தமிழ்நாட்டிலேயே தங்கியது.

மூன்றாவது சாட்சி குகேஷ். இப்போது சிங்கப்பூர். இரண்டு போட்டிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஆனந்தைப் போலவே குகேஷும் முதல் ஆட்டத்தில் தோற்றார். ஆனந்தைப் போலவே கடைசி ஆட்டத்துக்கு முன் இரண்டு வெற்றி, இரண்டு தோல்வி. புள்ளி ஆறரைக்கு ஆறரை. கடைசி ஆட்டத்தில் கறுப்பு. பையனுக்கு வயது 18.

டிங் குதிரையை எஃப்3-க்கு எடுத்தார். குகேஷ் டி5. டிங் ஜி3, குகேஷ் சி5. டிங் மந்திரியை ஜி2-இல் வைத்தார், குகேஷ் குதிரையை சி6-க்கு எடுத்தார். நான்காவது நகர்த்தலில் டிங் சிப்பாயை டி4-இல் நிறுத்தினார். கல்கத்தாவில் பானர்ஜி கறுப்பில் செய்ததை டிங் வெள்ளையில் செய்கிறார், அவ்வளவுதான். தலைகீழ் க்ருன்ஃபெல்ட் என்று இதற்குப் பெயர். முதலில் நகர்த்துகிற உரிமை வெள்ளைக்கு இருப்பதால் ஒரு நகர்த்தல் லாபம். பாதுகாப்பானது, நல்ல ஓப்பனிங், குறை சொல்ல ஒன்றுமில்லை. குகேஷ் நடுப்பலகையில் சிப்பாய்களைப் பெருக்கிக்கொண்டு குறிக்கு ஆளாகாமல், ஐந்தாவது நகர்த்தலிலேயே டி4-இல் வெட்டிக் கணக்கை நேர் செய்துகொண்டார். பிறகு தன் சிப்பாய் ஒன்றை டி4 வரை கொண்டுபோய் நிறுத்தினார். ஓப்பனிங் முடிந்தபோது யாருக்கும் பெரிய லாபமில்லை.

நடு ஆட்டத்தில் டிங் ஒரு முடிவெடுத்தார். 29ஆவது நகர்த்தலில் ஒரு சிப்பாயைத் தானே கொடுத்து ராணிகளை மாற்றிக்கொண்டார். சில நகர்த்தல் கழித்து மிஞ்சியது ஆளுக்கு ஒரு யானை, ஒரு மந்திரி, ராஜாவின் பக்கம் கொஞ்சம் சிப்பாய்கள். குகேஷுக்கு ஒரு சிப்பாய் கூடுதல். சிப்பாய்கள் எல்லாம் ஒரே பக்கத்தில் இருந்தால் ஒரு சிப்பாய் கூடுதல் போதாது, இது டிரா என்று புத்தகம் சொல்லும். வர்ணனையாளர்கள் அடுத்த நாள் வேக ஆட்டத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். கம்ப்யூட்டரும் டிரா என்றது. குகேஷ் எழுந்திருக்கவில்லை. யானையை அங்கே வைப்பார், இங்கே வைப்பார், சிப்பாயை ஒரு கட்டம் தள்ளுவார். எதிரே இருப்பவர் ஒவ்வொரு முறையும் சரியான பதிலைக் கண்டுபிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். கடிகாரமும் டிங்குக்கு ஆதரவாக இல்லை.

53ஆவது நகர்த்தலில் டிங் தன் மந்திரியை ஏ8-க்கு, பலகையின் அந்தக் கோடி மூலைக்குக் கொண்டுபோனார். தூரத்தில் இருந்தால் யாரும் தொடமாட்டார்கள் என்ற நினைப்பு. அடுத்து வெள்ளை யானை எஃப்4-க்கு வந்தது. குகேஷ் 54ஆவது நகர்த்தலில் ராஜாவை இ5-க்கு நகர்த்தினார். பிள்ளைகளே, இந்தக் கட்டத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ராஜா அங்கே நின்று எஃப்4 யானையைத் துரத்துகிறது. அது எல்லோருக்கும் தெரிந்தது. இன்னொரு வேலையும் செய்கிறது: பக்கத்திலிருக்கும் டி5 கட்டத்துக்குக் காவல் நிற்கிறது. டிங் யானையை ஏ4-க்கு நகர்த்திக் காத்திருந்தால் ஆட்டம் நீண்டிருக்கும். அவர் எஃப்2-இல் வைத்து, யானையை மாற்றிக்கொள்ளலாம் வா என்றார்.

குகேஷும் அதை உடனே கவனிக்கவில்லை. யானையை பி3-க்கு நகர்த்தப் போனதாக அவரே பிறகு சொன்னார். கை பலகைக்கு மேல் போவதற்கு முன் கண் ஏ8 மூலையில் விழுந்தது. வீடியோவில் பாருங்கள், முகம் மாறுவது தெரியும். கொஞ்சம் தண்ணீர் குடிக்கிறார், கையை ஊன்றிக்கொண்டு இன்னொரு முறை கணக்குப் போடுகிறார். யானைகள் மாறின. குகேஷ் மந்திரியை டி5-இல் வைத்தார். ஏ8 மூலையிலிருந்து வெளியே வர ஒரே ஒரு பாதைதான். அதன் குறுக்கே கறுப்பு மந்திரி, அதற்குப் பின்னால் ராஜாவின் காவல். வெள்ளை மந்திரி வெட்டலாம், அல்லது வெட்டுப்படலாம். வெட்டியது. ராஜா திருப்பி வெட்டியது. பலகையில் மூன்றே சிப்பாய்கள், இரண்டு கறுப்பு, ஒன்று வெள்ளை. 58ஆவது நகர்த்தலோடு டிங் கை கொடுத்துவிட்டார். ஏழரைக்கு ஆறரை.

முன்னாள் சாம்பியன் கிராம்னிக் இந்த முடிவைக் குறைசொன்னார். உலகப் பட்டம் ஒரு சின்னப் பிசகில் முடிந்தது அவருக்குப் பிடிக்கவில்லை. டிங் செய்தது பிசகுதான், மழுப்ப வேண்டியதில்லை. ஆனால் அந்தப் பிசகு 55ஆவது நகர்த்தலில் வந்தது. 35ஆவதில் குகேஷ் டிரா என்று கை கொடுத்திருந்தால் அது வந்திருக்காது. சோஃபியாவில் டோபலோவால் சும்மா இருக்க முடியவில்லை, சிங்கப்பூரில் டிங்கால் அழுத்தம் தாங்க முடியவில்லை. கல்கத்தாவில் பானர்ஜி ராணியைத் துரத்தியபோது தன் ராஜாவைத் திரும்பிப் பார்க்கவில்லை. க்ருன்ஃபெல்ட் வகை ஓப்பனிங் மூன்று பேர் கையிலும் இருந்தது. பானர்ஜியும் ஆனந்தும் அதைக் கறுப்பில் ஆடினார்கள், டிங் வெள்ளையில் ஆடினார். மூவருமே அந்த ஆட்டத்தில் தோற்றார்கள். ஓப்பனிங் மேல் பழி போடுவீர்களா? மூன்று இடத்திலும் அது தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது.

வராந்தாவில் நின்ற அந்த அப்பாவுக்கு நான் சொன்னது இதுதான்: பையன் லண்டனே ஆடட்டும். ஆனால் லண்டன் முடிந்து அவனாக யோசிக்க வேண்டிய முதல் நகர்த்தல் எது என்று ஒவ்வொரு ஆட்டத்திலும் குறிப்புச் சீட்டில் ஒரு கோடு போடச் சொல்லுங்கள். வீட்டுக்கு வந்து அந்தக் கோட்டுக்குக் கீழே இருப்பதை மட்டும் இரண்டு பேருமாக உட்கார்ந்து பாருங்கள். மனிதர் ஏமாந்துதான் போனார். மந்திரம் போல ஏதாவது ஒரு பெயர் கிடைக்கும் என்று எதிர்பார்த்திருப்பார்.

இப்போது பிள்ளைகளுக்கு. டிங் விட்டுக்கொடுத்த நிலையைப் பலகையில் வைத்திருக்கிறேன். வெள்ளை ராஜா இ3, சிப்பாய் ஜி3. கறுப்பு ராஜா இ5, சிப்பாய்கள் எஃப்5, ஜி4. வெள்ளை நகர்த்த வேண்டும். ராஜாவை இடப்பக்கம் ஒதுக்கினால் எஃப் சிப்பாய் ஓர் அடி முன்னால் வரும். பின்னால் எடுத்தால் கறுப்பு ராஜா சுற்றிவந்து ஜி3 சிப்பாயைப் பிடிக்கும். பின்னால் எடுக்கும்போது கறுப்பு அவசரப்பட்டு எஃப்4 தள்ளினால் மட்டும் டிரா. எப்படி என்று கண்டுபிடித்துச் சொல்கிறவர்கள் முன்னால் வாருங்கள். பெரியவர்கள் அதற்குள் கேள்வி இருந்தால் கேட்கலாம்.